பெசன்ட் நகர்: காசில்லாமல் உட்கார ஓர் இடம்

வழக்கமா சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, டெங்கு, நாய்க்கடின்னு எழுதுற நான் இன்னைக்கு ஒரு ஏரியாவைப் பத்தி எழுதப் போறேன். சென்னை பெசன்ட் நகர். பசங்க பாஷையில "பெஸ்ஸி".

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு, பாதியில சொல்றேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக இடத்தைச் சொல்லிடறேன்.

அடையாறு கடல்ல கலக்குற முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கு பெசன்ட் நகர். வடக்கிலிருந்து நடந்து வந்தா முதல்ல உடைஞ்ச பாலம். அப்புறம் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம்னு ஒட்டி ஒட்டி இருக்கிற மீனவர் குடியிருப்புகள். அடுத்து எலியட்ஸ் கடற்கரை, ஷ்மிட் நினைவு மண்டபம். இன்னும் தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில், அஷ்டலட்சுமி கோயில். அதைத் தாண்டினா திருவான்மியூர். மொத்தமும் நடக்கிற தூரம்தான்.

பேரெல்லாம் வெளிநாட்டுப் பேர். அடையாறுல 1882 முதல் இருக்கிற பிரம்மஞான சபையோட தலைவரா இருந்த அன்னி பெசன்ட் பேர்ல நகர். அதே சபையின் முதல் தலைவர் கர்னல் ஆல்காட் பேர்ல குப்பம். ஆல்காட் 1894ல, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கின இலவசப் பள்ளி இன்னும் அங்கே நடக்குது. கடற்கரைக்கு எட்வர்ட் எலியட்னு ஒரு ஆங்கிலேய அதிகாரி பேர். ஊரூர் மட்டும் நம்ம பேர். இந்த எல்லாப் பேருக்கும் முன்னாடியே அங்கே வலை காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

வீட்டு வசதி வாரியம் மனை பிரிச்சு, அடுக்குமாடி கட்டின பிறகுதான் இது "நகர்" ஆச்சு. மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும்கூட 1970களில் வந்தவைதான். அரசு ஊழியர்கள், வங்கிக்காரங்க, ரிட்டயர் ஆனவங்கன்னு ரொம்ப அமைதியான ஏரியாவா இருந்தது. அது எப்படி சென்னையோட இளவட்டம் கூடுற இடமா மாறுச்சு?

என் அனுபவத்திலிருந்து சொல்றேன்.

நான் தெற்கத்திப் பையன். சென்னையில ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில எம்பிபிஎஸ் சேர்ந்தப்போ எனக்குத் தெரிஞ்ச சென்னை, ஹாஸ்டலும் மெஸ்ஸும் வார்டும்தான். முதல் வருஷம் அனாட்டமி இன்டர்னல் முடிஞ்ச ஒரு சனிக்கிழமை சீனியர் ஒருத்தர், "வாடா, பெஸ்ஸி போலாம்"னு 29சி பஸ்ல ஏத்தினார். கடைசி ஸ்டாப்பில இறங்கி கடல் பக்கமா நடந்தோம். அதுக்கப்புறம் ஹவுஸ் சர்ஜன் முடிக்கிற வரைக்கும் எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே கிடையாது.

அங்கே போய் என்ன பண்ணுவோம்? ஒண்ணும் பண்ண மாட்டோம். மணல்ல உட்காருவோம், பேசுவோம். ஒரு சுண்டல் பொட்டலத்தை நாலு பேர் பங்கு போட்டுக்குவோம். உதவித்தொகை வந்த வாரம்னா மிளகாய் பஜ்ஜி. மாதா கோயில் பக்கம் போய் மீன் வறுவல் சாப்பிட்டா அது திருவிழா. மாசக் கடைசின்னா கடல் காத்து மட்டும்தான்.

யாரும் எங்களை எழுந்து போகச் சொன்னதில்ல. "ஆர்டர் சொல்லுங்க சார்"னு பக்கத்துல வந்து யாரும் நின்னதில்ல. பெசன்ட் நகரோட முழு வசீகரமும் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்களைப் பாருங்க. கிடார் வச்சிருக்கிற காலேஜ் பசங்க. பக்கத்துலயே கீபோர்டு வேலை முடிச்சு அடையாள அட்டையைக் கழட்டாமலே வந்த ஐடி பொண்ணுங்க. ஸ்கேட்டிங் ஷூ போட்ட சின்னப் பசங்க. டெலிவரி பையைத் தலைக்கு வச்சுப் படுத்திருக்கிற இளைஞர். கல்யாணம் பேசி முடிச்சு முதல் முறையா தனியா சந்திக்கிற ஜோடி. வடகிழக்கு மாநிலங்கள்ல இருந்து வந்து ஹோட்டல்ல வேலை பார்க்கிற தம்பிங்க, லீவு நாள்ல. எல்லாருக்கும் ஒரே மணல்தான்.

2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகள்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லைன்னு ஆச்சு. யோசிச்சுப் பாருங்க. பெரம்பூர்ல இருந்து ஒரு காலேஜ் பொண்ணு பஸ் ஏறி, கடற்கரைக்கு வந்து, ரெண்டு மணி நேரம் தோழிங்களோட உட்கார்ந்துட்டு வீடு திரும்ப ஆகுற செலவு பூஜ்யம். இந்த நாட்டுல எத்தனை பெருநகரங்கள்ல இது நடக்கும்?

இப்போ, டாக்டர் ஏன் இதைப் பேசுறேன்னு சொல்லிடறேன்.

புறநோயாளிப் பிரிவுல இருபது வயசுப் பிள்ளைங்க நிறைய வர்றாங்க. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு, காரணமே இல்லாம அழுகை, சாப்பாடு இறங்கல. ரத்தப் பரிசோதனை நார்மல், ஈசிஜி நார்மல், தைராய்டு நார்மல். நான் எல்லார்கிட்டயும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "சாயங்காலம் எங்கப்பா போவ?"

பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "எங்கயும் போக மாட்டேன் சார். ரூம்லதான் இருப்பேன்."

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் தனிமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்துல ஆறில் ஒருத்தர் தனிமையால பாதிக்கப்பட்டிருக்காங்க. வருஷத்துக்கு சுமார் 8,71,000 மரணங்களுக்குத் தனிமையோட தொடர்பு இருக்குன்னு மதிப்பிட்டிருக்காங்க. வயசானவங்க பிரச்சனைன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். ஆனா 13 முதல் 29 வயசுக்காரங்கள்ல 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையா உணர்றதா சொல்லியிருக்காங்க.

தனிமைக்கு மாத்திரை கிடையாது. மனச்சோர்வு நோயா முத்திப்போனா மருந்தும் ஆலோசனையும் கண்டிப்பா வேணும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அந்த நிலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பிள்ளைக்குத் தேவை நாலு மனுஷங்களும், உட்கார ஓர் இடமும்.

ரே ஓல்டன்பர்க்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1989ல ஒரு புத்தகம் எழுதினார். வீடு முதல் இடம், வேலை ரெண்டாவது இடம், இந்த ரெண்டும் இல்லாம மனுஷன் சும்மா போய் உட்கார்ந்து பேச "மூன்றாவது இடம்" ஒண்ணு வேணும்னு சொன்னார். நம்ம ஊர்ல அது திண்ணை, டீக்கடை பெஞ்ச், ஆலமரத்தடி, குளத்துப் படிக்கட்டு. சென்னைல வாடகை ரூம்ல இருக்கிற பையனுக்கும் பொண்ணுக்கும் திண்ணை ஏது? அவங்களோட திண்ணைதான் பெஸ்ஸி.

சும்மா உட்கார்றதோட அந்த இடம் நிக்கல.

1988ல இருந்து சென்னையில மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்புன்னு ஒரு குழு இயங்குது. பேர்லயே மாணவர்கள். ஜனவரி முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி முழுக்க மணல்ல நடப்பாங்க. பங்குனி ஆமை கரையேறி முட்டை போட்டிருந்தா, நாய்கிட்டயும் மனுஷன்கிட்டயும் இருந்து காப்பாத்தி, கடற்கரையில வேலி போட்ட பொரிப்பகத்துல கொண்டுவந்து புதைப்பாங்க. ஒரு கூட்டுல நூத்துக்கு மேல முட்டை இருக்கும். குஞ்சு பொரிஞ்சதும் கடல்ல விடுவாங்க. சம்பளம் கிடையாது. ஒரு பேட்ச் படிச்சு முடிச்சுப் போனா அடுத்த பேட்ச் வரும்.

2014ல ஞாயிற்றுக்கிழமை காலைல கடற்கரைச் சாலையில காரை நிறுத்தி வச்சுட்டு, ரோட்டைச் சைக்கிளுக்கும் பிள்ளைங்க விளையாட்டுக்கும் விட்டாங்க. ரோடுன்னா வண்டிக்குத்தான்னு நினைச்சு வளர்ந்த பிள்ளைங்க நடுரோட்டுல ஷட்டில் ஆடினது அன்னைக்குத்தான்.

2015ல ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களோட சேர்ந்து தொடங்கினது. சபாவுக்குள்ள டிக்கெட் வாங்கிக் கேட்கிற கச்சேரியைக் குப்பத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தாங்க. அவென்யூக்காரங்கள்ல பல பேர் பக்கத்துத் தெருவான குப்பத்துக்குள்ள முதல் முறையா காலடி வச்சது அப்போதான்.

சரி. இதெல்லாம் நல்லா இருக்கு. எனக்கு என்ன கவலை?

1964ல ரூத் கிளாஸ்னு ஒரு சமூகவியலாளர் லண்டன்ல ஒரு விஷயத்தைக் கவனிச்சு அதுக்குப் பேர் வச்சாங்க. ஜென்ட்ரிஃபிகேஷன். உழைக்கிற மக்கள் இருக்கிற பகுதிக்கு வசதியானவங்க வர ஆரம்பிப்பாங்க. வீடு புதுசாகும், வாடகை ஏறும், பழைய ஆட்கள் ஒவ்வொருத்தரா காலி பண்ணிக்கிட்டுப் போயிடுவாங்க. இளவட்டம் கூடுற பகுதிகளுக்கு இந்த வியாதி சீக்கிரம் பிடிக்கும். கூட்டம் இருக்கிறதால கடை வரும். கடை வர்றதால வாடகை ஏறும். வாடகை கட்டணும்னா விலை ஏத்தணும். கடைசியில முதல்ல கூடின பசங்களுக்கே அங்கே கட்டுப்படியாகாது.

பெசன்ட் நகர்ல இந்த அறிகுறிகள் கண்ணுக்குத் தெரியுது. வாரியத்தோட பழைய குடியிருப்புகளை இடிச்சு உயர உயரமா கட்டுறாங்க. நூறு சதுர அடியில தையக்கடை இருந்த இடத்துல இன்னைக்கு கண்ணாடி வச்ச காபி ஷாப். அங்கே ஒரு காபியோட விலையில வெளியே நாலு பேர் டிஃபன் சாப்பிடலாம். காபி ஷாப் மேல எனக்குக் கோபம் இல்லை, நானும் குடிக்கிறேன். ஆனா அது மணலுக்கு மாற்று கிடையாது. இருநூத்தம்பது ரூபாய் கொடுத்தாதான் நண்பனோட உட்கார முடியும்னா, அந்தக் காசு இல்லாத பிள்ளை ரூமுக்குத்தான் போகும்.

மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல மாதவரம் – சிப்காட் வழித்தடம் அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர் வழியா வருது. நல்ல விஷயம், வரட்டும். ஆனா மெட்ரோ வர்ற இடத்துல நிலத்தோட விலை என்ன ஆகும்னு சென்னைக்காரங்களுக்கு நான் சொல்லணுமா?

அடுத்தது ரோடு.

அந்த உடைஞ்ச பாலம் 1967ல கட்டினது. மீனவங்க ஆத்தைக் கடந்து சாந்தோம் பக்கம் போக. 1977ல வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு. திரும்பக் கட்டல. பாதிப் பாலம் அந்தரத்துல நின்னு, பசங்க போட்டோ எடுக்கிற இடமா, சினிமா ஷூட்டிங் இடமா ஆயிடுச்சு. அந்தப் பாலம் உடைஞ்சதாலதான் மெரினா பக்கத்து வண்டி வெள்ளம் குப்பங்களுக்குள்ள புகாம, இந்தக் கரை இப்படியே தங்குச்சு.

கலங்கரை விளக்கத்துல இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு கடலோரமா உயர்மட்டச் சாலை போடுற திட்டம் ஒண்ணு வந்து, மீனவர்களும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து எதிர்த்தாங்க. நின்னுச்சு. ஆனா அந்த யோசனை சாகல. பாலத்தைத் திரும்பக் கட்டுறதுன்னும், கடலுக்கு மேலேயே போறதுன்னும் வேற வேற உருவத்துல வந்துக்கிட்டே இருக்கு.

அடையாறு நெரிசல் உண்மை. ஆம்புலன்ஸ் சிக்கிக்கிட்டு நிக்கிறதை நானே பார்த்திருக்கேன், அதனால போக்குவரத்துப் பிரச்சனையை லேசா பேச மாட்டேன். ஆனா கடலோரத்துல தூண் நட்டு மேல வண்டி பறக்கவிட்டா, கீழே வலை காயப்போட இடம் இருக்காது, படகு ஏத்த இடம் இருக்காது, பசங்க உட்கார இடமும் இருக்காது. ஆமையும் வராது. ஆமைக்குஞ்சு பொரிஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் அதிகமா இருக்கிற பக்கம்தான் ஊரும். இயற்கையில அந்தப் பக்கம் கடல். விளக்கு அதிகமானா, கடல்னு நினைச்சு ரோட்டுப் பக்கம் ஊர்ந்து வந்து செத்துப்போகும்.

கடலே நமக்குச் சொல்லிக்கிட்டுதான் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் அலை நீலமா மின்னுச்சு, ஞாபகம் இருக்கா? ஊரே செல்போனைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. நாக்டிலூகாங்கிற நுண்ணுயிர் பெருகினதால வந்த வெளிச்சம் அது. பார்க்க அழகு. ஆனா அது அளவுக்கு மீறிப் பெருகினா தண்ணில ஆக்சிஜன் குறைஞ்சு மீனுக்குக் கெடுதல்னு ஆய்வாளர்கள் எச்சரிச்சாங்க. 2025 ஜனவரில சென்னைக் கரையோரமா நூத்துக்கணக்கான பங்குனி ஆமைங்க செத்து ஒதுங்கினதையும் பார்த்தோம்.

எல்லாத்தையும்விட எனக்குப் பெரிய கவலை குப்பத்து மக்கள்.

ஷ்மிட் நினைவு மண்டபம்னு சொன்னேனே. வெள்ளையா, வளைவா, எல்லாரும் முன்னாடி நின்னு செல்ஃபி எடுப்பாங்களே அது. 1930 டிசம்பர் 30 அன்னைக்கு, கடல்ல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய் மூழ்கி இறந்துபோன ஷ்மிட்ங்கிற டென்மார்க்காரருக்காகக் கட்டினது. அந்தக் கடல் இன்னைக்கும் அப்படித்தான். மேல பார்க்க அமைதியா இருக்கும், கீழே இழுக்கும். உலகத்துல 2021ல மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்காங்க. அதுல ஏறக்குறைய பாதிப் பேர் 29 வயசைத் தாண்டாதவங்க.

இடையில ஒரு டாக்டர் அறிவுரை, தப்பா நினைக்காதீங்க. அலை உள்ளே இழுத்தா கரையைப் பார்த்து நேரா எதிர்நீச்சல் போடாதீங்க, சோர்ந்துடுவீங்க. மிதந்துக்கிட்டே கரைக்கு இணையா பக்கவாட்டுல நகருங்க, இழுப்பு விட்டதும் கரைக்கு வாங்க. மூழ்கினவரை வெளியே எடுத்தா வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கிற வேலை வேண்டாம். மூச்சு இல்லைன்னா உடனே வாயோட வாய் வச்சு சுவாசமும், நெஞ்சு அழுத்தமும் கொடுங்க. 108ஐ கூப்பிடுங்க.

அப்படி இழுத்துட்டுப் போன பிள்ளைங்களைப் பல நேரம் முதல்ல கடல்ல குதிச்சுத் தூக்கிட்டு வர்றது யாருன்னு நினைக்கிறீங்க? வலையைப் பிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த குப்பத்து அண்ணன்தான். காத்தோட திசையைப் பார்த்து, தண்ணியோட நிறத்தைப் பார்த்து, "இன்னைக்கு இறங்காதீங்கப்பா"ன்னு சொல்றதும் அவர்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில வீட்டையும் படகையும் இழந்தவங்களும் அவங்கதான். சுண்டலும் மாங்காப் பத்தையும் மீன் வறுவலும் விக்கிற அக்காக்கள்ல பல பேர் அந்தத் தெருக்கள்லேருந்து வர்றவங்க.

நாளைக்கு "அழகுபடுத்துறோம்"னு யாராவது கிளம்பினா முதல்ல கண்ணை உறுத்தப் போறது யாரு? அவங்கதான். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாத்தங்கரை மக்களைப் பெரும்பாக்கம் கொண்டுபோய் வச்சோம். பள்ளிக்கூடம், வேலை, ஆஸ்பத்திரி எல்லாம் பழைய இடத்துல, வீடு மட்டும் ரொம்ப தூரத்துல. டிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இடையில நின்னுபோய் வர்ற நோயாளிகளைப் பார்க்கிற டாக்டரைக் கேளுங்க, இடம் மாத்துறதோட விலை என்னன்னு சொல்வார். மீனவனைக் கடலை விட்டுப் பத்து மைல் தள்ளி வச்சா அவன் என்ன தொழில் பண்ணுவான்?

பெசன்ட் நகர் குடியிருப்பாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. ராத்திரி பைக் சத்தம், வாசல்ல நிறுத்துற வண்டி, காலைல பார்த்தா பாட்டிலும் பிளாஸ்டிக்கும். பசங்க கேட்டுக்கணும். நம்ம திண்ணைன்னு சொன்னா நாமதான் பெருக்கணும்.

என் யோசனை பெருசா ஒண்ணும் இல்லை. கோடிக்கணக்குல திட்டமும் இல்லை.

பொம்பளைப் பிள்ளைங்க தைரியமா போற மாதிரி சுத்தமான கழிப்பறை. குடிக்கத் தண்ணி. கரையில போதுமான உயிர்காப்பாளர்கள், அந்த வேலையில குப்பத்து இளைஞர்களுக்கு முதல் உரிமை. ராத்திரி கடைசி பஸ் கொஞ்சம் லேட்டா. தள்ளுவண்டிக்காரங்களுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி முறையான அடையாள அட்டையும் இடமும். ஆமை வர்ற மாசங்கள்ல கடலைப் பார்க்கிற விளக்குகளைக் குறைக்கிறது. எந்தத் திட்டம் வந்தாலும் முதல் கூட்டம் குப்பத்துல நடக்கணும், தமிழ்ல நடக்கணும்.

முக்கியமா, மணல்ல உட்காரக் காசு கேட்கிற நாள் வரக்கூடாது. நுழைவுக் கட்டணம், கயிறு கட்டின நாற்காலி வரிசை, "வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" போர்டு, எந்த ரூபத்துலயும்.

இதைப் படிக்கிற பெத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பையனோ பொண்ணோ "பீச்சுக்குப் போய்ட்டு வரேன்"னா, "அங்கே என்ன வெட்டி முறிக்கிற வேலை"ன்னு கேட்காதீங்க. போன்ல தலையைப் புதைச்சு ரூம்ல கிடக்கிறதுக்கு, நண்பனோட மணல்ல உட்கார்றது ஆயிரம் மடங்கு மேல். எத்தனை மணிக்கு வருவேன்னு மட்டும் கேட்டுக்குங்க.

பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பெஸ்ஸி போனா காபி ஷாப்போட திரும்பிடாதீங்க. குப்பத்துப் பக்கம் ஒரு நடை போங்க. சுண்டல் விக்கிற அக்காகிட்ட எந்தத் தெருன்னு கேளுங்க. ஜனவரி – ஏப்ரல்னா ஆமை நடைக்கு ஒரு ராத்திரி போங்க. திட்டம், ரோடு, இடிப்புன்னு செய்தி வந்தா, அந்த அக்காவுக்கு என்ன ஆகும்னு முதல்ல யோசிங்க. அவங்க அங்கே இருக்கிற வரைக்கும்தான் நீங்களும் அங்கே காசில்லாம உட்கார முடியும்.

உங்க ஊர்ல இப்படி காசில்லாம உட்கார ஓர் இடம் இருக்கா? ஆத்துப்பாலமோ, கோட்டை மேடோ, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சோ, எதுவா இருந்தாலும் பின்னூட்டத்துல எழுதுங்க. இப்போ அது எப்படி இருக்குன்னும் சேர்த்து எழுதுங்க.


அரசு மருத்துவர்